தங்கையைக் கடற்கரைக்குக் கூப்பிட்ட கதை

அந்தத் தீவுக் கடற்கரைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்டால், அந்த ஓட்டலில் யாரும் மூச்சுவிடாமல் சொல்வார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி, மணல் மாவு மாதிரி, பவளப்பாறை, படகு, சாயங்கால வானம், இன்னும் என்னென்னமோ. அக்கா தங்கை இரண்டு பேரில், அங்கே சலவை அறையில் வேலை பார்த்த பெரியவளும் சொல்வாள். ஆனால் வேலைக்கு வந்த அன்று சீருடை மாட்டிவிட்டு, படம் பிடிக்கக் கரையில் நிறுத்தினார்களே, அதோடு சரி. அப்புறம் அவள் கண்ட கடலெல்லாம் விருந்தாளிகளின் துண்டை உதறினால் கொட்டுகிற மணல்தான்.

சலவை அறை தரைக்குக் கீழே. ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பகல் முழுக்க இயந்திர இரைச்சல், ஈரச் சூடு, இஸ்திரி போடப் படுக்கை விரிப்புகள். சலவைக்காரர்கள் விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாதாம், பட்டால் கடலின் அழகு குறைந்துவிடும்போல. மேலே போகும் கதவு பூட்டியே இருக்கும். ஒப்பந்தம் முடிந்து வருஷமாகியும், பாஸ்போர்ட்டைக் கேட்டால் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பாள் சாவிக்கொத்து. மேற்பார்வைக்காரிக்கு இவர்கள் வைத்த பெயர் அது. இடுப்பில் சாவிகள் குலுங்க அவள் வருவது எந்த இரைச்சலிலும் கேட்டுவிடும். அந்த மட்டுக்கும் ஆண்டவன் கருணை உள்ளவன்தான்.

அன்றைக்குச் சாவிக்கொத்து தேனொழுகப் பேசினாள்.

"உன் தங்கச்சி வீட்ல சும்மாத்தானே இருக்கா? வரச் சொல்லு. அவ வந்து இறங்கின மறுநாளே பாஸ்போர்ட் உன் கையில. எனக்கு ஆள் வேணும், அவ்வளவுதான்."

பெரியவள் மனக்கணக்குப் போட்டாள். வீட்டுக்குப் போகலாம். அம்மா மடியில் தலை வைத்துப் படுக்கலாம். ஒரு நிமிஷம் ஆசைப்பட்டுத்தான் விட்டாள். யார்தான் பட மாட்டார்கள்?

வீட்டோடு பேசுவது எப்போதும் சாவிக்கொத்தின் அறையில், ஸ்பீக்கரில். அவள் கட்டைவிரல் சிவப்புப் பொத்தான் மேலேயே இருக்கும். பாத்திரம் கழுவுகிற பெண் ஒருத்தி முன்பு "இங்க யாரும் வராதீங்க" என்று கத்திப் பார்த்தாள். அந்த நொடியே லைன் கட். அப்புறம் சாவிக்கொத்தே அந்த வீட்டுக்குப் போன் போட்டு, "பிள்ளை காய்ச்சல்ல பிதற்றுது, கூட இருக்க யாரையாவது அனுப்புங்க" என்று உருகினாள். அவளுடைய அக்கா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். இப்போது இரண்டு பேரும் பாத்திரம் கழுவுகிறார்கள்.

ஆக, உண்மையைச் சொன்னாலும் சின்னவள் ஓடிவருவாள், பொய்யைச் சொன்னாலும் ஓடிவருவாள். என்னதான் சொல்வது? யோசித்து முடிப்பதற்குள் சாவிக்கொத்து எண்ணைத் தட்டிவிட்டாள்.

"அக்கா, இப்பத்தான் உன்னை நினைச்சேன். உனக்கு ஆயுசு நூறு" என்றாள் சின்னவள்.

"இங்க ஒரு வேலை இருக்குடி. கடல் வாசல்லயே இருக்கு. காத்து அப்படி வரும். ஒருநாள் பார்த்தாக்கூட ஜென்மத்துக்கும் மறக்காது."

சாவிக்கொத்து தலையாட்டினாள்.

"நிஜமாவாக்கா? நான் வர்றேன். அவன் வேண்டாம்னு போனதுலேர்ந்து தெருவுல தலை நிமிர்ந்து நடக்க முடியல. உன்கூட இருந்தாப் போதும் எனக்கு."

அவன் என்றால், நிச்சயம் பண்ணிய பிறகு கழன்றுகொண்டவன். பெரியவளுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. சின்னவள் மகா ரோஷக்காரி. ஒரு சொல் சொன்னார் என்பதற்காக மாமா வீட்டுப் பக்கம் இன்றுவரை எட்டிப் பார்க்காதவள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"வா. ஆனா இங்க வந்தாவது ஒழுங்கா இரு. அவன் ஏன் ஓடினான்னு எனக்குத் தெரியாதா? உன்கூட ஒருநாள் இருந்தா எவனும் ஓடத்தான் செய்வான்."

வா என்றுதானே சொல்கிறாள் என்று கட்டைவிரல் சும்மா இருந்தது.

"நீயா பேசற?" என்றாள் சின்னவள்.

"நான்தான். வர்றியா இல்லையா?"

"செத்தாலும் வர மாட்டேன். இனி அம்மாகிட்ட மட்டும் பேசு."

அந்தப் பக்கமிருந்தே லைன் போனது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று பல்லைக் கடித்த சாவிக்கொத்து, திரும்பப் போட்டு, குரலில் சர்க்கரையைக் கொட்டினாள். "உங்கக்காவுக்கு உடம்பு சரியில்லம்மா. உன்னைத்தான் கேட்டு அழறா."

"யாருக்கு?" என்றது ஸ்பீக்கர். "எனக்கு அக்கா யாரும் இல்லைங்க. ராங் நம்பர்."

பெரியவளுக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. பெற்ற தாய்க்கு அடுத்தபடி தன்னைத் தூக்கி வளர்த்தவளை, வாய் கூசாமல் இல்லை என்றுவிட்டாளே. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது, அந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது?

"இப்ப அழுது என்ன பிரயோஜனம்? போய் வேலையைப் பாரு" என்றாள் சாவிக்கொத்து.

அப்படியே இருடி கண்ணு, மனசு மாறிடாதே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே பெரியவள் சலவை அறைக்கு இறங்கிப் போனாள்.