மேற்கு ஜன்னலில் கறுப்பு ஃபிலிம்

தையற்கடையில் எல்லோரும் அவரைக் கட்டிங் மாஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். மனைவி பிரிந்து போனபின் வீட்டில் அவரைக் கூப்பிட ஆளில்லை. மகள் அம்மாவோடு வேறு ஊரில் இருந்தாள். பள்ளி விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

அவளுக்கென்று ஒதுக்கிய அறையில் மேற்கே பெரிய ஜன்னல். மதியம் தாண்டினால் வெயில் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். போன தடவை, "இது ரூமா அடுப்பாப்பா?" என்று கேட்டுவிட்டு ஹாலில் போய்ப் படுத்தாள். அது மாஸ்டருக்கு முள்ளாய்த் தைத்திருந்தது.

வெயிலைத் தடுக்க ஜன்னலில் ஒட்டும் ஃபிலிமில் இருப்பதிலேயே கறுப்பானதாகக் கேட்டு வாங்கினார். "எந்த மாதிரி கண்ணாடிங்க?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, "ஜன்னல் கண்ணாடிதான், வேறென்ன?" என்றார். சோப்புத் தண்ணீரால் துடைத்து, நீரை வழித்து வழித்து, சட்டத்தின் விளிம்புவரை இம்மி பிசகாமல் ஒட்டினார். ஒரு குமிழிகூட இல்லை. போதாதென்று கனத்த திரையையும் மாட்டினார். அறை அந்திபோல் இருண்டது. யாரிடமாவது காட்ட வேண்டும்போல் இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டார். "அதெல்லாம் இருக்கட்டும், சாப்பிட்டியாடா?" என்றாள் அவள்.

ஞாயிறு மதியம் அறையில் படீரென்று ஒரு சத்தம். ஓடிப்போய்த் திரையை விலக்கினார். கண்ணாடியின் கீழோரத்தில் கிளம்பிய விரிசல் நெளிந்து உச்சிவரை போயிருந்தது. யாரேனும் கல்லெறிந்தார்களா என்று எட்டிப் பார்த்தார். தெருவில் ஈ காக்கை இல்லை.

மறுநாள் கண்ணாடிக்காரர் வந்து தொட்டுப் பார்த்தார்.

"ரெட்டைக் கண்ணாடிண்ணே இது. நடுவுல காத்தை அடைச்சு வெச்சிருக்கு. உள்பக்கம் கறுப்பை ஒட்டினா வெயிலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், சூடு போக வழியில்ல. பின்னாடி திரை வேற. கண்ணாடியோட நடுப்பாகம் கொதிக்குது, சட்டத்துக்குள்ள இருக்கிற ஓரம் சில்லுன்னு கிடக்குது. விரிசல் விடாம என்ன செய்யும்?"

"துணியையே நனைச்சுப் பாக்காம வெட்ட மாட்டேன் நான்," என்றார் மாஸ்டர், தனக்குத்தானே.

"நல்லவேளை, ஃபிலிம் பிடிச்சுக்கிச்சு, சில்லு தெறிக்கல. பிரிக்கிறேன்னு கைய வெச்சுடாதீங்க. வேற கண்ணாடி போட்டுடலாம். வெளிப்பக்கம் ஒட்ட, வெயிலைத் திருப்பி அனுப்புற ஃபிலிம் இருக்கு. கண்ணாடி செஞ்சவங்ககிட்ட ஒத்துவருமான்னு கேட்டுட்டு, ஓரத்துல நூலளவு இடம் விட்டு ஒட்டித் தரேன். யாரு ரூமு இது?"

"பொண்ணுது. வெள்ளிக்கிழமை வருது."

அன்று சாயங்காலமே மகள் போன் செய்தாள். தோழிகளெல்லாம் சேர்ந்து சுற்றுலா போகிறார்களாம்.

"கோவமாப்பா?"

"சேச்சே. பத்திரமா போய்ட்டு வாம்மா." கண்ணாடியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை கண்ணாடிக்காரர் புதுக் கண்ணாடியோடு வந்தார். "பாப்பா வந்தாச்சா?"

"வந்தாச்சு. கடைத்தெருவுக்குப் போயிருக்கு."

சொன்ன பிறகுதான் மாஸ்டருக்குக் கட்டில் கண்ணில் பட்டது. மடிப்பு கலையாத புது விரிப்பு. கண்ணாடிக்காரரும் அதைப் பார்த்தார். புதுக் கண்ணாடியை மாட்டி, வெளியே ஃபிலிமை ஒட்டி வேலையை முடித்தார். கொடுத்த டீயை நிதானமாகக் குடித்து, வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் மகள் பேசியபோது, பேச வேறொன்றும் இல்லாமல், கண்ணாடி விரிசல் விட்ட கதையைச் சொன்னார்.

"கையில கிழிச்சுதாப்பா?"

"இல்லம்மா."

"எனக்காகவா ஒட்டினீங்க?"

"வெயில் ஜாஸ்தி இல்ல, அதான்."

"வேற யாரும் கூட இல்லாம இதெல்லாம் பண்ணாதீங்கப்பா," என்றாள். அழுகிறாளோ என்று இருந்தது. தன்னோடு வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அடுத்த லீவுக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

மாஸ்டர் தன் தலையணையை எடுத்துவந்து அவள் கட்டிலில் போட்டார். மேற்கே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அறையில் சூடு இல்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.