கறுப்புச் சட்டைக்காரனும் கொட்டாவிப் புலியும்

1

பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கப் போன இடத்தில்தான் இந்தக் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. வடமதுரையில் புவனேஸ்வரியின் ஸ்டுடியோ. சுவர் முழுக்க மணப்பெண்கள். நடுவில் வாய் பிளந்து கொட்டாவி விடும் ஒரு புலி. முகத்தை நேராக வைக்கச் சொல்லியும் என் கண் புலியை விட்டு நகரவில்லை. சிரித்துவிட்டு அவளே சொல்ல ஆரம்பித்தாள்.

2

‘கானகத்தின் அரசனாகிய அந்த வேங்கை, தன் சிறைவாசத்தின் துயரத்தை...’

(வேண்டாம். அந்தப் புலி வயிறு நிறையத் தின்றுவிட்டு நிம்மதியாகப் படுத்திருந்தது. மறுபடி தொடங்குகிறேன்.)

புவனேஸ்வரி கல்யாண வீடுகளில் படம் எடுப்பவள். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவள் கேமராவைப் பாராட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு அதை என்ன செய்வாள் என்று கேட்டார்கள். அலுத்துப்போயிற்று. தொப்பம்பட்டியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் பழனிக்குமார் நேரில் பேச வேண்டும் என்று கேட்ட நாள், ஒரு புகைப்படப் போட்டிக்குப் புலிப் படம் அனுப்பக் கடைசி நாள். மிருகக்காட்சி சாலைக்கே வரச் சொல்லிவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அதுவும் நல்ல இடம்தானே.

(எந்த ஊர் மிருகக்காட்சி சாலை என்று கேட்காதீர்கள். புலிக்குத் தெரிந்தால் போதும்.)

3

கூண்டின் முகப்பு கண்ணாடி. எப்படிக் குனிந்து எடுத்தாலும் புலியின் நெற்றியில் ஐஸ் வண்டி தெரிந்தது. பின்னால் கறுப்புத் துணி பிடித்தால் பிம்பம் விழாது. துணியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்துப் பழனிக்குமார் வந்தான்: ஓங்குதாங்கான உடம்பு, முழுக்கை வைத்த கறுப்புச் சட்டை.

[இங்கே அவனுக்கு ஒரு முறுக்கு மீசை வைத்திருந்தேன். கண்ணாடியில் விழும் என்று எடுத்துவிட்டேன்.]

வணக்கம் சொல்லக்கூட விடாமல் அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்தி, கைகளை விரிக்கச் சொன்னாள். விரித்தான். ஐஸ் வண்டி மறைந்தது. கூட்டம் புலியை விட்டுவிட்டு இவர்களைப் பார்க்கத் தொடங்கியது. புலியோ முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தது.

“ஏனுங்க, புலிக்கு என்னையப் புடிக்கலையாட்ட இருக்குதுங்க.”

“செத்த நேரம் பேசாம நில்லுங்க.”

நின்றான். விரித்த கை விரித்தபடியே. பிறகு மெதுவாகக் கேட்டான்:

“கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தானுங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “இப்படித்தான். அதுல என்ன?”

“இல்லீங்க, அப்ப கறுப்புல இன்னும் ரெண்டு சட்டை தெச்சுக்கோணும்.”

அடக்க முடியாமல் அவள் சிரித்த சிரிப்பில் புலியே திரும்பிப் பார்த்தது. பார்த்து, வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. சிரிப்போடு சிரிப்பாகக் கேமராவை அழுத்திவிட்டாள்.

4

ஒரு முடிவில் படம் பரிசு வாங்கியது. இன்னொன்றில் அவர்கள் கல்யாணப் பந்தியில் நானே உட்கார்ந்து சாப்பிட்டேன். இரண்டையும் அடித்துவிட்டேன். சம்மதமா இல்லையா என்று அவளிடம் கேட்க வாயெடுத்தபோது அடுத்த வாடிக்கையாளர் வந்துவிட்டார். மிச்சத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது, புலி கொட்டாவியை முடித்ததும் அவள் அப்பா நல்லுசாமி போட்ட போன் மட்டும்தான்.

பையன் எப்படி என்று கேட்டாராம். அவள் திரும்பிப் பார்த்தாளாம்.

“இன்னும் கையை இறக்கலப்பா.”