பதினேழாம் நம்பர் காட்டுத் தண்ணீர்

அழகுத்தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம். மஞ்சக்குன்று எஸ்டேட்டில் இதை மறுப்பவர் யாரும் கிடையாது, கட்டிய புருஷன் பெரியமுத்து உள்பட. கங்காணி ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்லுவாள். அப்பேர்ப்பட்டவள் எழுபத்தாறாம் வருஷத்து ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிஸ்பென்சரிப் படியில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஏழு வயசு மகள் சந்தனம் சளிக்காய்ச்சலில்தான் படுத்தாள். இரண்டு நாள் கழித்துச் சீதபேதியும் சேர்ந்துகொண்டது. இன்றோடு ஒன்பது நாள். மருந்து கொடுத்தால் ஒருநாள் நிற்கும், மறுநாள் பழையபடி ஆரம்பித்துவிடும். பிள்ளை பாதியாகிவிட்டாள், கண் குழிவிழுந்துவிட்டது. அழகுத்தாயும் செய்யாத வைத்தியமில்லை. கம்பவுண்டர் தந்த மாத்திரை ஒருபக்கம், பதினேழாம் நம்பர் தேயிலைக் காட்டில் வனப்பேச்சி சாமியின் கல்லடியில் சுரக்கிற ஊற்றுத் தண்ணீர் ஒருபக்கம். அந்தத் தண்ணீரைச் சாமித் தண்ணீர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் மத்தியானம் அதைக் குடித்துத்தான் கஞ்சி சாப்பிடுவார்கள். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அழகுத்தாய் ஒரு செம்பில் மொண்டு வந்து மகளின் தலைமாட்டில் வைப்பாள்.

"நாளைக்குள்ள நிக்கலைன்னா பீர்மேட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரணும்" என்றார் கம்பவுண்டர் ரத்தினசாமி.

பீர்மேட்டுக்குப் போகிறதென்றால் முதலில் வண்டிப்பெரியார் வரைக்கும் கொழுந்து லாரி. அந்தப் பள்ளமும் குழியுமான ரோட்டில், இந்த உடம்பில், அவ்வளவு தூரம் பிள்ளை தாங்குமா? போன வாரம் இப்படி லாரியில் ஏற்றிய பெரியவர் ஒருவர் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அதை நினைத்துத்தான் அவளுக்கு வாயடைத்துப் போயிருந்தது.

ரத்தினசாமி நல்ல மனுஷர்தான். ஆனால் களைத்துப்போனால் கண்டதைச் சொல்லிவிடுவார். "எல்லாம் உங்க ஆறாம் லயத்துப் பைப்புல வார வினை. சுத்தமா வச்சிக்கிட்டாத்தானே?"

அவ்வளவுதான், அடைத்திருந்த வாய் திறந்துகொண்டது.

"எங்க லயத்தச் சொல்ல வந்துட்டீயளோ? ரெண்டாம் லயத்துல நாலு பேரு கிடக்காவ, மூணாம் லயத்துல அஞ்சு பேரு. அவங்களும் எங்க பைப்புலயா வந்து குடிச்சாவ?"

பக்கத்து அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. "அதத்தான் நானும் கம்பவுண்டர்கிட்ட சொல்லுதேன், அக்கா. இங்க வந்து பாருங்க."

சிரித்தது மத்தியாஸ். எஸ்டேட்டுக்குப் புதுசாகப் படம் வரைய நாகர்கோவில் பக்கமிருந்து வந்திருந்த சர்வேக்காரர். ஆறு மாசமாக அளவுச் சங்கிலியும் முக்காலியுமாக மலை மலையாக அலைந்தவர். அட்டை கடிக்காத இடம் அவர் காலில் இல்லை. பெண்கள் அவரை வைத்துப் பண்ணாத கேலியில்லை, அதிலும் பாதி அழகுத்தாயின் கைங்கரியம்.

மேஜைமேல் வெண்ணெய்த்தாள் மாதிரி அந்தப்பக்கம் தெரிகிற தாள்கள் பரப்பிக் கிடந்தன. ஒன்றில் வரிசை வீடுகளான லயங்கள், ஒவ்வொரு வீடும் ஒரு குட்டிக் கட்டம். நோய் வந்த வீடுகளில் மட்டும் சிவப்புப் புள்ளி, மொத்தம் இருபத்து மூன்று. கம்பவுண்டர் பெயர் சொல்லச் சொல்ல வைத்ததாம். இன்னொரு தாளில் தண்ணீர்த் தொட்டிகளும் பைப்புகளும். மத்தியாஸ் அதைத் தூக்கி முதல் தாளின்மேல் வைத்தார்.

"ஒரே மலைதான் அக்கா. ரோடு போடுறவனுக்கு ஒரு தாளு, தண்ணி விடுறவனுக்கு ஒரு தாளு, செடி வைக்கிறவனுக்கு ஒரு தாளு. ஒண்ணுமேல ஒண்ணு வச்சுப் பார்த்தா, தனித்தனியாப் பார்த்தப்போ தெரியாதது தெரியும். ஆனா இதுல தெரியலையே! நாலு லயத்துலயும் புள்ளி. நாலு லயத்துக்கும் வேற வேற தொட்டி."

அழகுத்தாய்க்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் குனிந்தவள் நிமிரவில்லை. இந்த வளைவு காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்துக்கு ஏறுகிற ரோடு. அப்படியானால் இது பலாமரத் திருப்பம். இதிலிருந்து கீழே இறங்கினால்... ஆத்தாடி! ஆறாம் லயம், நாலாவது கட்டம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அவள் மகள் படுத்திருக்கிற வீடு. இருபது வருஷமாக முட்டி தேய ஏறி இறங்குகிற மலை முழுசும் அவள் ஒரு கைக்குள் அடங்கிக் கிடந்தது. இதை ஒரு மனுஷன் நடந்தே வரைந்தானா? இவனையா நாம் கேலி பண்ணினோம்?

"சார்" என்றாள், குரலே மாறிப்போய். "நாங்க தூங்குற இடத்தத்தான வச்சிருக்கீய. பகல் பூரா நிக்கிற இடத்த எங்க வச்சிருக்கீய?"

மத்தியாஸ் அவளைப் பார்த்தார். கம்பவுண்டர் மத்தியாஸைப் பார்த்தார்.

எஸ்டேட்டில் எதற்கும் லயக்கணக்குதான். அரிசி லயப்படி, கம்பளி லயப்படி. ஆகவே நோயையும் லயப்படியே தேடினார்கள். ஆனால் காலையில் பெரட்டுக்களத்தில் கங்காணி ஆளைப் பிரிக்கும்போது லயமெல்லாம் கலைந்துபோகும். எந்த லயத்தவளாக இருந்தாலும் அவளவள் செட்டோடு அவளவள் காட்டுக்குப் போவாள். அங்கே அவளுக்கென்று ஒரு நிரை, அந்த நிரையை இன்னொருத்திக்கு விட்டுத்தர மாட்டாள்.

"நீங்க சொல்லுங்க அக்கா, நான் போடுதேன்" என்று மத்தியாஸ் ஒரு புதுத் தாளை விரித்தார்.

அழகுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். நிரை நிரையாக நடந்தாள் என்றே சொல்லவேண்டும். "ரெண்டாம் லயத்து மாரித்தாய், பதினேழாம் நம்பர், ரோட்டோர நிரை. அவளுக்கு இந்தப்பக்கம் மூணாம் லயத்துச் சின்னப்பொண்ணு. அவ புருஷன் கவ்வாத்துக்காரன், அவனும் போன மாசம் பதினேழுலதான் ஓரத்துச் செடிய வெட்டுனான்..." ஒரு பெயரில்கூடத் தயங்கவில்லை. மத்தியாஸ் அவள் சொன்ன ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அவரவர் வேலை செய்த காட்டுக்கு ஒரு சிவப்புக் கோடு இழுத்தார்.

பிறகு எல்லாத் தாளையும் அள்ளிக்கொண்டு போய் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் பிடித்தார். கடைசியாக ஓடைகளை நீல மையில் வரைந்த தாளையும் சேர்த்தார். வெளியே மூடுபனி. தாள்கள் பால் மாதிரி வெளுத்து நின்றன, ஒன்றும் தெரியவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். கம்பவுண்டரின் கையில் ஒரு முனை, அவள் கையில் ஒரு முனை.

பனி விலகி, ஒரு வெயில் அடித்தது பாருங்கள்!

நாலு லயத்திலிருந்தும் கிளம்பிய இருபது சிவப்புக் கோடுகள், மலையைச் சுற்றி, ரோட்டைத் தாண்டி, ஒரே ஒரு இடத்தில் வந்து குவிந்தன. பதினேழாம் நம்பர் காடு. அதற்கு நடுவில் ஒரு சின்ன நீலப் புள்ளி, வனப்பேச்சி ஊற்று. அழகுத்தாய்க்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கையில் தாள் இருந்ததால் கும்பிடவில்லை. ஊரே இத்தனை நாளாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடியது இவ்வளவு சின்ன இடத்தில் இருந்திருக்கிறது!

மத்தியாஸ் ஜன்னலுக்குக் கிட்டே போனார். அவர் விரல் ஊற்றிலிருந்து மெதுவாக மேலே ஏறியது. ரோட்டுக்கு மேல்பக்கம், மலையின் முதுகிலிருந்து இறங்கி வந்த ஒரு நீலக்கோடு ரோட்டோரத்தில் சட்டென்று நின்றிருந்தது.

"இந்த ஓடை ரோட்டுப்பக்கம் வந்து மண்ணுக்குள்ள போயிடுது. எங்க போச்சுன்னு தெரியாம நான் அங்கயே கோட்ட நிறுத்திட்டேன்" என்றார். "அது ரோட்டுக்கு அடியோட வந்து உங்க கல்லடியிலதான் வெளிய வருதுபோல. இத்தன நாளா அதுவும் இதுவும் வேற வேற தண்ணின்னு நினைச்சிட்டேன்."

"அந்த ஓட எங்கருந்து வருது, சார்?"

அவர் விரல் இன்னும் ஏறியது. மலை முதுகின் மேல், இந்தக் கோடையில் கட்டிய ஏழாம் லயம். அதன் பின்னால் வரிசையாக ஆறு சின்னக் கட்டங்கள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் கக்கூஸ் குழிகளை வெட்டியவர்களில் பெரியமுத்துவும் ஒருவன்.

"அட கடவுளே" என்றார் கம்பவுண்டர். "மழை பெஞ்சு குழியெல்லாம் நிறைஞ்சு வழிஞ்சிருக்கு."

மத்தியாஸ் மட்டும் இன்னும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார். "இருபதுக்குச் சரியா வருது. மிச்சம் மூணு புள்ளிக்குக் கோடே இல்லையே. மூணும் ஆறாம் லயம். மூணும் சின்னப் பிள்ளைய. இதுங்க காட்டுப்பக்கமே போனதில்லையே, எப்படி வந்துச்சு?"

அழகுத்தாய் அந்த மூன்று புள்ளிகளைப் பார்த்தாள். ஒன்று அவள் வீடு. அடுத்தது கத்தரீனாள் வீடு, அவள் மகனுக்கும் முதலில் வெறும் காய்ச்சல்தான். கோடியில் இருப்பது செல்லத்துரை வீடு, அவன் கைக்குழந்தைக்குச் சளி. சாமித் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்று சொல்லி, வேலை முடிந்து வந்த அலுப்போடு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அவர்கள் கேட்கக்கூட இல்லை. இவளாகக் கொடுத்தாள்.

"அது நான்தான் சார்" என்றாள். "அந்த மூணு கோடும் நான்."

கம்பவுண்டர் என்னவோ சொன்னார், தெரியாமல் செய்ததென்றோ, கொதிக்கவைத்துக் கொடு என்றோ. அவள் காதில் விழவில்லை. தாளின் முனையை விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தாள். சாயங்காலம் நாலு மணிச் சங்கு ஊதினால் பெரியமுத்து பிள்ளையை எழுப்பி அந்தச் செம்பைத்தான் வாயில் வைப்பான். அப்படி வைக்கச் சொன்னதும் அவள்தான்.

பலாமரத் திருப்பத்தில் இறங்கும்போது சங்கு ஊதிவிட்டது. லயத்து வாசலில் முட்டி மோதிக்கொண்டு நுழைந்தபோது பெரியமுத்து சந்தனத்தைத் தோளில் சாய்த்து, செம்பை உதட்டருகே கொண்டுபோயிருந்தான். அவள் தட்டிவிட்ட வேகத்தில் செம்பு சுவரில் மோதி உருண்டது.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? சாமித் தண்ணிய..."

"ஒரு சொட்டு குடிச்சாளா? சொல்லுங்க, ஒரு சொட்டு?"

"இல்லட்டி. இப்பத்தான் எழுப்புனேன்."

அழுவதற்கு நேரமில்லை. அடுப்பை மூட்டு, பைப்புத் தண்ணீரைக் கொதிக்கவிடு என்று புருஷனை விரட்டிவிட்டு வெளியே வந்தாள். கத்தரீனாள் வீட்டு வாசலில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, சாமிமேலும் பழி போடவில்லை. மேலே நாம்தான் குழி வெட்டினோம், வனப்பேச்சி என்ன செய்வாள் என்றாள். கத்தரீனாள் ஓரடி முன்னால் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் அழகுத்தாய் நினைத்தாள்.

"உம் பிள்ளைக்கும் இதத்தான குடுத்த?"

"ஆமாட்டி. அவளுக்குத்தான் மொத மொதல்ல."

கத்தரீனாள் உள்ளே போய்ச் சாமித் தண்ணீர்ச் செம்பை எடுத்துவந்து முற்றத்தில் கொட்டினாள். காலிச் செம்பை அழகுத்தாயின் கையில் கொடுத்தாள். "செல்லத்துரை வீட்டுக்கு நீ தனியாப் போவாத. நானும் வாரேன்" என்றாள்.

மறுநாளே எஸ்டேட் துரை ஆள்விட்டு அந்தக் குழிகளை மூடச் சொன்னார். ஊற்றைச் சுற்றி வேலி போட்டார்கள், வனப்பேச்சியைக் கும்பிட ஒரு ஆள் போகிற வழி மட்டும் விட்டு. அதற்குப் பிறகு லாரியில் யாரையும் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நாள் சந்தனம் எழுந்து உட்கார்ந்து தாகமாக இருக்கிறது என்றாள். கொதித்து ஆறிய தண்ணீரை அழகுத்தாய் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இது ஒரே புகை நாத்தம்மா. எனக்குச் சாமித் தண்ணிதான் வேணும்."

ஜன்னலில் வெயில் அடித்தபோதும் வராத அழுகை, வாசல் வாசலாக நின்று சொன்னபோதும் வராத அழுகை, அப்போதுதான் வந்தது. அழுதுகொண்டே, டம்ளரை மறுபடியும் மகள் வாயில் வைத்து, முழுசும் குடிக்கிறவரைக்கும் கையை எடுக்காமல் இருந்தாள் அழகுத்தாய்.