டீச்சர் மாற்றிச் சொன்னது

1

இது என் நாத்தனாருக்கு நடந்தது. வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருநாள் போனில், "அண்ணி, இதை மட்டும் எழுதிடாதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். எழுதக்கூடாது என்றால் எழுதுகிறவளிடம் வந்து எதற்குச் சொல்ல வேண்டும்? ஆகவே எழுதுகிறேன்.

(நாத்தனாரை நல்லவளாக எழுதினால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்கிறார் என் கணவர். கூடப்பிறந்தவர் பேச்சு.)

2

நான் எழுதிய முதல் வரி இப்படி இருந்தது: 'பனி கொட்டும் அதிகாலையில், தனிமையின் நீண்ட தெருவில் அவள்—'

வாசித்துக் காட்டினேன். "இங்க பனியே கிடையாதே அண்ணி. மழைதான். அதுவும் பஸ் வராத நேரமா பாத்துப் பெய்யும்."

சரி, உள்ளதைச் சொல்கிறேன். காலையில் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம். மாலையில் ஊரின் மறுகோடியில் ஓர் அலுவலகம். குமாஸ்தாக்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுத்தர வேண்டும். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் மடியில் வைத்தே பரீட்சைத்தாள் திருத்துவாள். வீடு மூன்றாவது மாடி. கீழே ஒரு தையல்கடை. அதை நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய அம்மா, கணவர் இல்லை. ஒரே மகன் வேறொரு தேசத்தில் வேலைக்குப் போய், அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். மாமியாருக்கும் மருமகளுக்கும் பொதுவாக இருக்கக்கூடிய ஒரே மொழி ஆங்கிலம். அதுவும் மாமியாருக்கு வராது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையிலேயே பாடம். மிஷினை மிதித்தபடியே வாக்கியங்களைச் சொல்லிப் பார்ப்பார். தையல் நேராகப் போகும், வாக்கியம் கோணிக்கொள்ளும்.

(அவர்கள் பேசியது அந்த ஊர் பாஷை. தையற்கார அம்மாவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்திருப்பது நான். மாற்றிச் சொல்வதில் எனக்கும் பங்கு இருக்கிறது.)

3

மருமகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. அம்மா டிக்கெட் எடுத்தார். குழந்தைக்கு மெல்லிய துணியில் சட்டைகள் தைத்துப் பெட்டியில் அடுக்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடம் நடக்கும்போதே மருமகளைப் போனில் அழைத்து, பழகி வைத்திருந்ததைச் சொன்னார்: "நான் உன்னைப் பார்க்க வருகிறேன்."

மறுமுனையில் நீண்ட பேச்சு. அம்மா போனை நீட்டினார். "வேகமா பேசுறா. என்னன்னு கேளுங்க டீச்சர்."

நாத்தனார் வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். "எங்கம்மா கூட இருக்காங்க, எனக்கு அது போதும். அத்தை இப்ப வர வேண்டாம். என் வீட்டுக்காரரால இதைச் சொல்ல முடியல. தயவுசெஞ்சு நீங்க சொல்லிடுங்க."

மிஷின் நின்றிருந்தது. "என்னவாம்?"

"வீடு சின்னதாம். குழந்தை பொறந்து கொஞ்ச நாள் போகட்டும், அப்புறம் நீங்க வந்தா நல்லா இருக்கும்னு சொல்றாங்க."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "டீச்சர், இங்கிலீஷ்ல 'வேண்டாம்'ங்கிறது எனக்குத் தெரியும். நீங்க சொல்லிக்கொடுத்ததுதானே."

நாத்தனார் போனைத் திருப்பிக் கொடுத்தாள். சின்னப் பிள்ளைகளின் விடைத்தாளில் ஒரு சொல் பிசகினாலும் வட்டம் போடுகிறவள்—

(இந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

"பரவாயில்ல" என்றார் அம்மா. "நீங்க சொன்னதும் கேக்க நல்லாத்தான் இருக்கு."

4

என் முதல் பிரதியில் அந்த மருமகள் கல்நெஞ்சுக்காரி. எனக்கும் ஒரு மருமகள் இருக்கிறாள் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க அவ குரலைக் கேக்கல அண்ணி. நடுங்குச்சு. தலைப்பிரசவம். முகம் பாக்காத ஒருத்தர் கையில தன்னை எப்படி ஒப்படைப்பா?"

அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். அதற்குப் பிறகு கதையில் கெட்டவர் யாரும் மிஞ்சவில்லை. எழுதுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

5

அம்மா டிக்கெட்டை ரத்து செய்தார். சட்டைகளைப் பார்சலில் அனுப்பினார். பெண் குழந்தை பிறந்தது. மகன் படம் அனுப்பினான். சில வாரம் கழித்து அம்மா நாத்தனாரைக் கூப்பிட்டார்.

"எனக்குக் கோவம் இல்லைன்னு அவகிட்ட சொல்லணும். ஆனா மன்னிச்சுட்ட மாதிரி இருக்கக் கூடாது. மன்னிக்க நான் யாரு?"

இத்தனை வருஷம் பாடம் நடத்தியவளுக்குச் சட்டென்று ஒரு வாக்கியமும் வரவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து, சேர்த்து, பிரித்து, ஒருவழியாக ஒன்றை அமைத்தார்கள். அம்மா அதைப் பலமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் வெளிய இருங்க டீச்சர்" என்று கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தார்.

"மருமக என்ன சொன்னாளாம்?" என்று கேட்டேன்.

"நான் கேக்கல அண்ணி. மாடிக்குப் போயிட்டேன்."

"அதுக்கப்புறமாவது?"

"வாக்கியம் என்னோடது. பதில் அவங்களோடது."

6

மருமகள் அழுகிறாள், 'உடனே வாங்க' என்கிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். கிழித்தேன். போனை வைத்துவிடுகிறாள் என்று இன்னொன்று. அதுவும் சுலபமாக வந்தது, அதையும் கிழித்தேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நின்றபடி பேசுகிறார். நடுநடுவே நிறுத்துகிறார். அப்போதெல்லாம் மறுமுனையில் யாரோ பேசுகிறார்களா, வெறும் மௌனமா என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியாது. நாத்தனார் போய்விட்டாள். உங்களை அங்கே நிறுத்திவிட்டு நானும் போகிறேன். நிற்பதும் கதவைத் தட்டுவதும் உங்கள் விருப்பம்.