கியூபுக்குத் தனிக் கலவை

கருக்கல் விலகுமுன்பே மிக்ஸர் உறுமத் தொடங்கியது. சித்தாள்கள் ஜல்லிச் சட்டிகளைத் தலைக்கு ஏற்றினார்கள். சும்மாட்டையும் மீறி உச்சந்தலை எரிந்தது. சிமென்ட் தூசி பனியோடு கலந்து தொண்டையில் அப்பியது.

வீட்டுவசதி வாரியத்தின் புது அடுக்ககம். இன்று மேல்தளம் போடுகிறார்கள். முடிந்ததும் கால்வாய்க் கரைக் குடிசைகளை இடித்து, அங்கிருப்பவர்களை இங்கே குடியேற்றப் போவதாக வாரியம் சொல்லியிருந்தது. அந்தக் குடிசைகளிலிருந்துதான் இவர்கள் எல்லோரும் வேலைக்கு வருகிறார்கள்.

கொத்தனார் மட்டும் ஒதுங்கி உட்கார்ந்து, தகரத் தட்டில் தனியாகக் கலவை பிசைந்துகொண்டிருந்தார். இது தளத்துக்குப் போவதில்லை. இரும்பு அச்சில் நிரப்பி, கட்டியானதும் வாரியத்து இன்ஜினியர் எடுத்துப்போய், கட்டடம் தாங்குமா என்று நசுக்கிப் பார்க்கிற கியூபுக்கானது. அதற்குச் சிமென்ட் தாராளம். மணல்கூட சலித்த மணல். காண்ட்ராக்டர் சொல்வார், கொத்தனார் பிசைவார், வாரியம் தரம் சரியென்று முத்திரை குத்தும். எல்லா இடத்திலும் நடப்பதுதானே என்று அவரும் இருந்துவிட்டார்.

நேற்று சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்தபோது ஜன்னல் சன்ஷேடு உடைந்து, இங்கேயே சித்தாளாக இருக்கும் அவருடைய கொழுந்தியாளின் கால்மேல் விழுந்தது. உடைந்த துண்டைக் கொத்தனார் விரலால் நெருடினார். பொடியாக உதிர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவள், "நீங்க போட்டது உதிருமா மாமா? எனக்குத்தான் நேரம் சரியில்ல" என்றாள். அவளைப் பார்க்க முடியாமல் அவர் கட்டிலின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் மனைவி சட்டியோடு வந்து நின்றாள். தட்டைப் பார்த்தாள்.

"நல்லா கெட்டியா இருக்கே. நாளைக்கு இந்தக் கியூபுக்குள்ளயா குடிபோகப் போறோம்?"

அவர் தட்டைக் கவிழ்த்தார். மிக்ஸரிலிருந்து விழுந்த கலவையை அள்ளி அச்சில் நிரப்பினார். இதுவரை கியூபுக்கு மட்டும் தனியாகப் பிசைந்து வந்ததை எல்லோரிடமும் சொன்னார். யாரோ மிக்ஸரை நிறுத்தினார்கள்.

ஜீப்பில் காண்ட்ராக்டரும் இன்ஜினியரும் வந்து இறங்கினார்கள்.

"என்னய்யா, மெஷின் நிக்குது?"

"தளத்துக்குப் போற கலவையிலதான் கியூப் போட்டிருக்கேன். இதை நசுக்கிப் பாக்கட்டும்."

காண்ட்ராக்டர் பல்லைக் கடித்தார். "கிறுக்குப் புடிச்சிருச்சா? கரண்டி புடிக்கிறவன் கரண்டிய மட்டும் புடி. நாளையிலேர்ந்து நீ வராத. வேற கொத்தனாரே இல்லையா?"

"இருப்பாங்க. சட்டி தூக்க நீங்க வருவீங்களா?" என்றபடி மனைவி தன் சட்டியைக் கவிழ்த்தாள். அடுத்தடுத்துச் சட்டிகள் கவிழ்ந்தன.

"பழைய கியூபெல்லாம் நல்லா நின்னுச்சே?" என்றார் இன்ஜினியர்.

"அதெல்லாம் தனியாப் பிசைஞ்சது சார். நீங்க ஷெட்டுல டீ குடிப்பீங்க. நான் பிசைவேன்."

இன்ஜினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிப்போர்ட்டுல எழுதினா முதல்ல உன்மேலதான்ப்பா கேஸ் வரும்."

"வரட்டும் சார். தப்பு என்னோடதும்தான்."

"அவர் மேல மட்டும் ஏன்?" வயதான சித்தாள் ஒருத்தி முன்னால் வந்தாள். "அந்தச் சொத்தைக் கலவைய மாடி மாடியா ஏத்துனது நாங்கதானே? எங்களையும் எழுதுங்க."

இன்ஜினியர் எழுதவில்லை, மறுக்கவுமில்லை. காண்ட்ராக்டர் போனைக் காதில் வைத்தபடி வாசல் கேட் பக்கம் ஓடினார். மிக்ஸருக்குள் கலவை இறுகத் தொடங்கியிருந்தது.

எல்லோரும் ஜல்லிக் குவியலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொத்தனார் மட்டும் எந்த முகத்தோடு உட்காருவதென்று நின்றார்.

"தள்ளுங்கடி, அண்ணன் உக்காரட்டும்" என்றாள் ஒருத்தி. வரிசை நகர்ந்து இடம் விட்டது.