பத்மாசினியின் குதிக்கால்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஆசுபத்திரியில் பிள்ளைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கிற மிஸ் கத்தரீனா ஒரு கொப்பியைத் தந்து, "வீட்டிலை பிள்ளைக்கு என்ன செய்யிறியள் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ, ஐயா" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். கொப்பி தருகிறவர்களை நம்புவதில்லை. ஆனால் இன்று காலை நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

2

தொடக்கம் ஒன்று: 1964ஆம் ஆண்டு ஆடி மாதம், கடல் பொன்னாக மின்ன

(வெட்டிவிட்டேன். எங்கள் கடல் ஒருநாளும் பொன்னாக மின்னியதில்லை.)

தொடக்கம் இரண்டு: என் பேத்தி பத்மாசினிக்கு ஆறு வயது. போலியோ வந்து இடது கால் சூம்பியது. நுனிக்காலில் நிற்பாள், குதிக்கால் நிலத்தில் படாது. தினமும் இருபது தரம் பாதத்தை மேலே மடித்துப் பிடிக்கச் சொன்னார் மிஸ். ஆவணிக்குள் குதிக்கால் இறங்காவிட்டால் குதிக்காலுக்கு மேலே இருக்கிற நரம்பை வெட்டி நீட்டவேண்டுமாம்.

இதோடு போவோம்.

3

இதில் வருகிற கிழவனை நம்பாதீர்கள். புதன்கிழமைகளில் மிஸ் கேட்பார்: "செய்தனீங்களோ?" கிழவன் சொல்வான்: "ஓம், செய்தனான்." பச்சைப் பொய். மடித்தால் பிள்ளை அழும். அழுதால் தோளில் தூக்கிவிடுவான். "தூக்கத் தூக்கக் கால் இன்னும் சுருங்கும், ஐயா" என்று மிஸ் சொன்னபோது, வெள்ளைச் சப்பாத்துக்காரிக்குப் பிள்ளைப் பாசம் என்ன தெரியும் என்று மனத்துக்குள்

(அந்தக் கிழவன் நான்தான். மறைத்தால் மேலே எழுத வராது.)

4

இன்று காலை கரைவலை இழுப்பு. பிள்ளையை மணலில் இருத்திவிட்டுக் கயிற்றைப் பிடித்தேன். கரைவலை இழுக்கிறவன் கடலைப் பார்த்தபடி பின்னுக்கு நடப்பான். உடம்பைச் சாய்த்து, குதிக்காலை மணலில் ஊன்றி ஊன்றி. திரும்பிப் பார்த்தால், கயிற்றின் வால்பக்கத்தில் பத்மாசினி தொங்குகிறாள்.

சம்மாட்டி ஏரம்பு வலைக்குச் சொந்தக்காரன், வாய் பொல்லாதவன். "அண்ணை, உவளைக் கொண்டுபோய் இருத்துங்கோ. வலை கரைக்கு வருமோ, உவள் கடலுக்குப் போவாளோ தெரியேல்லை."

"நானும் இழுக்கிறன். எனக்கும் பங்கு தரவேணும்" என்றாள் அவள்.

எங்கள் கரையில் கயிற்றில் கை வைத்தவருக்கு மீன் உண்டு. அதை ஏரம்புவாலும் மாற்ற முடியாது.

தூக்கப் போனேன். குனிந்தபோதுதான் கண்டேன். கயிறு முன்னுக்கு இழுக்கிறது, பிள்ளை பின்னுக்குச் சாய்கிறாள், இடது குதிக்கால் மணலுக்குள் இருக்கிறது. அழுகை இல்லை.

"விடுங்கோ அப்பு. வலை போகுது."

விட்டேன். தூக்காமல் என் கயிற்றுக்குத் திரும்பினேன். வலை கரையேறியதும் அவள் வந்த தடத்தைப் பார்த்தேன். இடது காலுக்குப் பதினொரு குழி, எல்லாம் குதிக்கால் குழி. ஏரம்புவும் வந்து பார்த்தான். இரண்டு பாரை மீனை அவள் மடியில் போட்டான்.

5

முடிவு ஒன்று: மிஸ் பார்த்துவிட்டுக் கைதட்டுகி

முடிவு இரண்டு: மணலில் இறங்கிய கால் ஆசுபத்திரிச் சீமெந்தில் இறங்கவில்லை. டொக்டர் கத்தியை

இரண்டையும் விட்டேன். நாளைதான் புதன். பொய்யை ஒப்புக்கொள்ளவேண்டும். கயிறு இழுப்பதும் பயிற்சிதானோ என்று கேட்கவேண்டும். ஆசுபத்திரிக்குப் போகிற நெல்லியடி பஸ் நிற்கிற சந்தி, எங்கள் வீட்டு ஒழுங்கை முடிகிற இடத்தில் இருக்கிறது. கீழே இடம் விட்டிருக்கிறேன். முடிவை நீங்கள் எழுதுங்கள். எதையும் எழுதுங்கள். சந்திவரை அவளை யாரும் தூக்கிக்கொண்டு போனதாக மட்டும் எழுதவேண்டாம்.