ஏற்றத்தில் இறங்கிய ஊசி

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தேன். குன்னூரில் தேயிலைக் கிடங்குக்கு எதிரே ஒரு டீக்கடை. பக்கத்து பெஞ்சில் பாலாமணி என்ற பெண் லாரி டிரைவர் இன்னொரு டிரைவரிடம், "ஏத்தத்துல ஊசி எறங்குச்சுன்னா அப்பத்தானுங்க பயப்படோணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஊசி என்றது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளை. சூடு குறைந்தால் எதற்குப் பயம்? கேட்டேன். பதில் சொல்ல அவருக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பள்ளத்தாக்கை மூடுபனி தழுவிக் கிடந்த அந்தக் காலையில்..."

(அடித்துவிட்டேன். உறைபனி விழும் நாளில், இது நடந்த மஞ்சூரில் வானம் பளிச்சென்று இருக்கும் என்றார் பாலாமணி. மூடுபனியே கிடையாதாம்.)

2

சரி, பளிச்சென்ற ஒரு ஜனவரிக் காலை. பாலாமணிக்கு முப்பத்தெட்டு வயது. ஒன்பது வருஷம் எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து வண்டி ஓட்டியவர். தேயிலை பேக்டரி வாங்கிய புது ஆட்டோமேட்டிக் லாரியை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். சரியாக ஓட்டினால் வண்டி அவருக்கு. இல்லாவிட்டால் மறுபடி கொழுந்து வண்டி. அன்று கடைசி நாள். பக்கத்தில் பேக்டரி மெக்கானிக் மனுவேல். அறிக்கை எழுதப்போகிறவர் அவர்தான்.

அந்த வண்டியில் இரண்டு சூடுகள் தெரியும். ரேடியேட்டர் தண்ணீரின்* சூட்டுக்கு ஊசி, கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டுக்கு எண். குளிர்காலையில் இரண்டும் சோம்பேறிகள். ஊசி அரை மணி நேரம் அடியிலேயே கிடக்கும், எண் அதற்கும் பிந்தித்தான் நகரும். அதுவரை மெதுவாக ஓட்டினால் போதும், கோளாறு ஒன்றுமில்லை. இதை அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. (நான் ஒரு அப்பாவை எழுதி, அவர் கற்றுத்தந்ததாக வைத்திருந்தேன். "எங்கப்பனுக்கு சைக்கிளே ஓட்ட வராதுங்க" என்றார். அப்பாவை எடுத்துவிட்டேன்.) மாதம் முழுக்கப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார், அவ்வளவுதான். எந்த வளைவில் எது எவ்வளவு காட்டும் என்பது கைவசமாகிவிட்டது.

* தண்ணீர் என்பது பேச்சுக்கு. உள்ளே இருப்பது உறையாமலிருக்க மருந்து கலந்த பச்சை நிறக் கூலன்ட்.

3

குந்தா பாலம் தாண்டி ஏற்றம் பிடித்தது வண்டி. பின்னால் ஒன்பது டன் தேயிலை. கியர்பாக்ஸ் எண் எண்பத்தைந்து, தொண்ணூற்றைந்து என்று ஏறி, அந்த இடத்தில் அவர் ஒருநாளும் பார்த்திராத நூற்றெட்டில் நின்றது. ஊசியோ பாதியிலிருந்து கீழே சரிந்துகொண்டிருந்தது.

மனுவேலுக்குத் திருப்தி. முப்பது வருஷமாக ஊசி ஏறியே வண்டிகள் நின்று பார்த்தவர். "குளுருக்கு நல்லா ஓடுது அம்மிணி, மிதிங்க" என்றார்.

பாலாமணி ஹீட்டர் துவாரத்தில் கை வைத்தார். அதுவரை வெதுவெதுப்பாக வந்த காற்று ஜில்லென்று வந்தது.

"ஏனுங்ணா, இத்தன பாரம் இழுக்கற இஞ்சின் எப்பிடிங்க குளுரும்?"

நிறுத்தினால் ஏற்றத்தில் வண்டியை நிறுத்திய பயந்தாங்கொள்ளி என்று அறிக்கையில் வரலாம். அது தெரிந்தேதான் பாலாமணி, அகலமான வளைவு வந்ததும் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார்.

பானெட்டுக்கு அடியில் ஒரு குழாயின் கிளிப் நழுவியிருந்தது. கூலன்ட் முக்கால்வாசி ரோட்டில் போயிருந்தது. சூட்டை அளக்கிற முனை முழுகியிருக்க ஒன்றுமில்லாமல் வெறுங்காற்றை அளந்துகொண்டிருந்தது. அதே கூலன்டில் சூடாகும் ஹீட்டருக்கும் அதே கதி. கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விப்பதும் அந்தக் கூலன்டுதான் என்பதால் எண் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறது. இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் சூட்டில் இன்ஜின் இறுகிப் பிடித்து நின்றிருக்கும்.

"நான் ஓட்டியிருந்தா மிதிச்சிருப்பேன்" என்றார் மனுவேல்.

4

முடிவுக்கு வருவோம். இன்ஜின் ஏற்றத்தில் பிடித்து, வண்டி பின்னால் உருண்டு... (பொய். வேண்டாம்.) பேக்டரியில் மாலை போட்டார்கள் என்று ஒரு பத்தி எழுதினேன், அதையும் அடித்தேன். மறுநாள் காலை இன்னொரு லோடு ஏற்றினார்கள், வண்டி பாலாமணியிடமே இருக்கிறது. அதுதான் நடந்தது.

எனக்கு வேண்டியது வேறு. சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் முகத்தில் அடிக்கும். ஆறும்வரை இருவரும் ரோட்டோரக் கட்டைச்சுவரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மனுவேல் வீட்டில் கட்டிக்கொடுத்த இட்லியைப் பாதி பாதி தின்றிருக்கிறார்கள். அப்போது என்ன பேசினீர்கள் என்று மூன்று ஞாயிறும் கேட்டேன். பாலாமணி சிரித்தார்.

"வண்டி கதை கேட்டீங்க, சொல்லிட்டனுங்க. அது எங்க கதை."

எனவே அந்த ஒரு மணி நேரம் என்னிடம் இல்லை. எதிர்மலையில் வெயில் இறங்குகிறது, புல்லில் உறைபனி உருகிச் சொட்டத் தொடங்குகிறது, முப்பது வருஷ மெக்கானிக் முதலில் வாயைத் திறக்கிறார். அவர் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.